பிஸ்கட் டப்பாவில் பன்னிரண்டு

மன்னார்குடியில் பெரியம்மா வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் அந்த டப்பா வந்துவிடும். ஒரு காலத்தில் பிஸ்கட் இருந்த தகர டப்பா, இப்போது மருந்துப் பெட்டி. அவருக்குச் சரவாங்கி வந்து ஏழு மாதமாகிறது. காலையில் எழுந்தால் விரலை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகும். மூட்டுவாத டாக்டர் ஸ்டீராய்டு ஆரம்பித்த நான்காம் நாள், “இன்னிக்கு நானே முறுக்கு பிழிஞ்சேன்” என்று போனில் சொன்னார்.

“எது எதுக்குன்னு நீயே பாருப்பா. எனக்குச் சாப்பாடே மாத்திரைதான்” என்று டப்பாவைக் கவிழ்த்தார். எண்ணினேன். பன்னிரண்டு. டாக்டர் சீட்டில் இருந்தவை ஆறு: பிரெட்னிசலோன், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், அதற்குத் துணையாக ஃபோலிக் அமிலம், வயிற்றுக்கு பான்டோபிரசோல், கால்சியம், வைட்டமின் டி. மீதி ஆறும் தானாக வந்து சேர்ந்தவை. வேறொரு டாக்டர் எப்போதோ எழுதிய இன்னொரு கால்சியம், மெடிக்கல் ஷாப் தம்பி தெம்புக்குக் கொடுத்த பி காம்ப்ளக்ஸ், முடி கொட்டுகிறதே என்று மகள் அனுப்பிய பயோட்டின், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அமுக்கரா, கொரோனா காலத்தில் வாங்கிய சீந்தில், திருப்புகழ் பாடத் தொண்டைக்கு அதிமதுரப் பொடி.

“எதையாவது விடணும்னா எதை விடலாம்?” என்று கேட்டுவிட்டு அவரே ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார். “இதை விட்டுடறேனே, முகமெல்லாம் உப்புது.” அவர் எடுத்தது பிரெட்னிசலோன். திடீரென்று நிறுத்தக்கூடாத ஒரே மாத்திரையாகப் பார்த்து எடுத்திருந்தார். வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்கிறது. ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரை போகலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

அந்த நான்காம் நாள் முறுக்குக்கு ஒரு முன்கதை உண்டு. 1948 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், மேயோ கிளினிக்கில், சரவாங்கியால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதல் கார்ட்டிசோன் ஊசி போடப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். மஞ்சள் காமாலை வந்தால் சில மூட்டுவாத நோயாளிகளுக்கு வலி தானாகக் குறைவதை 1929-லேயே கவனித்து, அதற்குக் காரணமான பொருளைத் தேடிக்கொண்டிருந்தவர் டாக்டர் ஃபிலிப் ஹென்ச். 1950-ல் அவருக்கும், வேதியியலாளர்களான கென்டாலுக்கும், ரைக்ஸ்டைனுக்கும் நோபல் கிடைத்தது. ஆனால் விலைப்பட்டியல் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. முகம் உருண்டு, வயிறு பெருத்து, முதுகெலும்பு உளுத்துப்போன நோயாளிகளைப் பற்றி டாக்டர் ஹார்வி குஷிங் 1932-ல் எழுதியிருந்தார். அந்த உடம்புகளில் அளவுக்கு மீறிச் சுரந்தது கார்ட்டிசால் என்பது பிறகு தெரிந்தது. ஸ்டீராய்டு மாத்திரை அதன் தம்பி.

எலும்பு ஓயாமல் இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகிற வீடு. ஸ்டீராய்டு கட்டுகிற செல்களை ஓய்த்துவிடுகிறது, இடிக்கிற செல்களின் ஆயுளை நீட்டுகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறைகிறது, சிறுநீரில் கால்சியம் கூடுதலாகப் போகிறது. தேய்மானம் ஆரம்ப மாதங்களில்தான் மிக வேகம். “இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு கால்சியம் சாப்பிடலாம்” என்று தள்ளிப்போட முடியாதது அதனால்தான். முதலில் அடிவாங்குவது முதுகெலும்பு. குடத்தைத் தூக்கினேன், முதுகு பிடித்துக்கொண்டது என்று சுளுக்கு எடுக்கப் போகிற பாட்டிகளில் சிலருக்கு அது சுளுக்கல்ல, நொறுங்கிய எலும்பு.

தினம் 2.5 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசலோனை மூன்று மாதமோ அதற்கு மேலோ சாப்பிடுகிறவர்களுக்கு அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கம் சொல்லும் கணக்கு: நாளைக்கு மொத்தம் 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டி. ‘மொத்தம்’ என்ற சொல்லைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். சாப்பாட்டில் வருவதும் அதற்குள் அடக்கம். பெரியம்மாவை உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு டம்ளர் பால், சுமார் 350 மி.கி. ஒரு கிண்ணம் தயிர், 150. அறுபது கிராம் கேழ்வரகு மாவில் அடை, இருநூறு. கீரை, எள்ளுப்பொடி, முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி என்று மேலும் கொஞ்சம். எழுநூறைத் தாண்டிவிட்டது. ஒரு மாத்திரை போதும். இரண்டாவது மாத்திரை எலும்பைக் கூடுதலாகக் கெட்டியாக்காது, மலச்சிக்கலைத்தான் கெட்டியாக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

அட்டையைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி.’ என்று இருந்தால் உள்ளே இருக்கிற கால்சியம் 500 மி.கி.தான். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும். ஆகவே சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். பான்டோபிரசோல் சாப்பிடுகிறவர்களுக்கு அமிலமே குறைவு என்பதால், சிட்ரேட் வகை ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்கலாம். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இரண்டோடும் கால்சியத்தைச் சேர்த்து விழுங்கினால் அவை உடம்பில் சரியாக ஏறாது. சில மணி நேர இடைவெளி வேண்டும். எலும்பு ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அலென்ட்ரோனேட் போன்ற மருந்துகள் தேவைப்படும். அவற்றைக் கால்சியத்தால் ஈடுகட்ட முடியாது.

வைட்டமின் டி பற்றி நம் வீடுகளில் ஒரு பிடிவாதம் உண்டு. “நம்ம ஊர்ல இல்லாத வெயிலா?” பெரியம்மாவும் தினம் ஏழு மணி இளவெயிலில் திண்ணையில் உட்காருகிறார். மனசுக்கு நல்லது. ஆனால் வைட்டமின் டி உண்டாக்குகிற புற ஊதாக் கதிர் அந்த நேரத்தில் மிகக் குறைவு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழுகிற நேரத்தில்தான் அது சரியாக வருகிறது, அப்போது நாம் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே இருக்கிறோம். லூபஸ் நோயாளிகள் இந்த யோசனையின் பக்கமே போகக்கூடாது, வெயில் பட்டால் அவர்களுக்கு நோய் கிளம்பும்.

ஆகவே மாத்திரை. நம்மூரில் அது பெரும்பாலும் 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதப்படுகிறது. இதைத் தினம் ஒன்றாக விழுங்கி, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, ஓயாத தாகம், குழப்பம் என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு. வைட்டமின்தானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடும் என்பது பி, சி வகைகளைப் பற்றிய பேச்சு. டி கொழுப்பில் தங்குகிற பேர்வழி. இதில் ஒரு தனிக் கிளையும் இருக்கிறது. சார்காய்டோசிஸ் என்ற நோய்க்கும் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அந்த நோயில் உடம்பின் கட்டித் திசுக்களே வீரியமுள்ள வைட்டமின் டி-யைத் தயாரித்துக்கொள்ளும். அவர்களுக்கு ‘ஸ்டீராய்டு என்றால் கால்சியமும் டி-யும்’ என்ற பொது விதி ஆபத்தாக முடியலாம். ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடக்கூடாது.

மீதி இருந்தவற்றில் பி காம்ப்ளக்ஸ் சிறுநீரை மஞ்சளாக்கியதைத் தவிர என்ன செய்தது என்று பெரியம்மாவுக்கே தெரியவில்லை. பயோட்டின் அதிக அளவில் இருந்தால் தைராய்டு பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டும், ரத்தம் கொடுக்கும் முன் சொல்ல வேண்டும். சீந்திலும் அமுக்கராவும்தான் எனக்குக் கோபம் வரவைத்தவை. சரவாங்கி என்பதே நோய் எதிர்ப்பு சக்தி தன் மூட்டையே எதிரியாக நினைத்துத் தாக்குவது. அதை அடக்க ஒரு கையில் ஸ்டீராய்டு, ‘எதிர்ப்பு சக்திக்கு’ மறு கையில் சீந்தில். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற வேலை. 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட பின் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்தச் சர்ச்சை எப்படி முடிந்தாலும், கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டே தரப்படுகிற மெத்தோட்ரெக்ஸேட்டோடு அதைச் சேர்க்க ஒரு நியாயமும் இல்லை. பெயரில்லாத ‘வாத சூரணம்’ இன்னொரு வகை. பரிசோதனைக் கூடத்தில் இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டே கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. பத்து மி.கி. சாப்பிடுகிறோம் என்று நினைப்பவர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றிலும் அப்பாவியாகத் தெரிந்தது அதிமதுரப் பொட்டலம். அதிலுள்ள கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்கிற நொதியைத் தடுத்துவிடும். உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறும். பிரெட்னிசலோனின் வீரியத்தையும் கூட்டும். என்றைக்காவது ஒரு சிட்டிகை என்றால் பரவாயில்லை. பெரியம்மா தினம் இரண்டு வேளை, தேனில் குழைத்து. கணுக்கால் வீங்கியிருப்பதைச் சொன்னபோது டாக்டர் அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, “வேற என்ன சாப்பிடறாங்க?” என்பதுதான். நான் வாசித்த பட்டியலில் அதிமதுரம் வந்ததும், “அதை இன்னிக்கே நிறுத்துங்க, நாளைக்கு பிபி, பொட்டாசியம் பார்த்துடுவோம்” என்றார்.

டப்பாவுக்குள் ஆறு திரும்பிப் போயின. தினசரி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘மெ’ என்று எழுதிவைத்தோம். மெத்தோட்ரெக்ஸேட் தவறித் தினமும் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. வெள்ளிக்கிழமைகளில் ‘டி’, மொத்தம் எட்டு. ஒன்பதாவது வெள்ளியில் பெருக்கல் குறி.

“சரிப்பா, அதிமதுரம் வேண்டாம். பாடறதுக்கு முன்னாடி தொண்டைக்கு ரெண்டு கற்கண்டு போட்டுக்கலாம்ல?” என்றார் பெரியம்மா.

போன மாதத்து சுகர் ரிப்போர்ட் டப்பாவின் அடியில் நாலாக மடித்துக் கிடந்தது. காலையில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு ஏறுவதைப் போலவே, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 214. பிரித்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.