பழைய வயர்லெஸ், புதிய டெட்ரா: ஆபத்து வேளையில் எது பேசும்?

புது தில்லி: 2001 டிசம்பர் 13-ம் தேதி, நாடாளுமன்ற வளாகத்துக்குள் காரில் நுழைந்த 5 பயங்கரவாதிகளை முதலில் சந்தேகித்தவர்களுள் ஒருவர், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண் காவலர் கமலேஷ் குமாரி. அவரிடம் துப்பாக்கி இல்லை. உரக்கக் கூவி எச்சரித்தார், குண்டுகளுக்குப் பலியானார். அவைக் காவல் பணியாளர்கள் வாக்கி-டாக்கியில் செய்தியைப் பரப்ப, மாளிகையின் கதவுகள் அடுத்தடுத்து அடைக்கப்பட்டன. அமைச்சர்களும் உறுப்பினர்களும் உள்ளே இருந்தனர். பயங்கரவாதிகளால் கட்டடத்துக்குள் நுழைய இயலவில்லை.

அன்று பணியாளர்கள் எவரும் எண்ணைச் சுழற்றிக் காத்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தினால், அந்த அலைவரிசையில் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் குரல் கேட்கும். போலீஸார், தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஆகியோர் கைபேசி வந்த பிறகும் வயர்லெஸ்ஸைக் கைவிடாததற்கு இதுவே காரணம்.

ஆனால், பழைய அனலாக் கருவிகளின் குறைகளும் சிறியவை அல்ல. ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் இரண்டும் குழம்பும். எல்லாவற்றையும்விட, சில ஆயிரம் ரூபாய்க் கருவி வைத்திருப்பவர் எவரும் போலீஸாரின் பேச்சை ஒட்டுக்கேட்க முடியும்.

டெட்ரா எனப்படும் டிஜிட்டல் முறை இவற்றுக்கு விடை கண்டது. 25 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் 4 பேச்சுத் தடங்கள், அரை நொடிக்குள் இணைப்பு, சங்கேதமாக்கப்பட்ட குரல், பேசுபவர் யார் என்ற அடையாளம், வீரர் ஆபத்தில் சிக்கினால் அழுத்துவதற்குத் தனிப் பொத்தான். 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளையொட்டி இம்முறை தில்லியில் பெரிய அளவில் நிறுவப்பட்டது.

எனினும், அனலாக் கருவியில் தொலைவு கூடக்கூட இரைச்சல் பெருகும். ஆயினும் பழகிய காது அந்த இரைச்சலுக்குள்ளும் சொற்களைப் பிரித்தெடுத்துவிடும். டிஜிட்டலில் எல்லை வரை குரல் தெளிவாக இருக்கும். எல்லையைத் தாண்டியதும் ஒன்றுமே கேட்காது. கோபுரங்கள் விழுந்தாலோ, அவற்றுக்கு மின்சாரம் நின்றாலோ, கருவிக்குக் கருவி நேரடியாகப் பேசும் வழி ஒன்றே மிஞ்சும். 1999 ஒடிஸா பெரும்புயலிலும், 2001 புஜ் பூகம்பத்திலும், 2004 சுனாமியின்போது அந்தமானிலும் வெளியுலகுக்குச் செய்தி அனுப்ப உதவியவை, தன்னார்வ ஹாம் வானொலியாளர்களின் எளிய கருவிகள். விலை உயர்ந்த புதிய கருவி வாங்கியதும் பழையதைப் பரணில் போடும் மாநிலங்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

கருவி எதுவானாலும், மறுமுனையில் கேட்பவர் செயல்பட வேண்டும். 2008 நவம்பர் 26 மும்பை தாக்குதலில் ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சலாஸ்கர் ஆகியோர் காமா மருத்துவமனை அருகே கொல்லப்பட்டனர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற வயர்லெஸ் பதிவுகளைக் கொண்டு காம்தேயின் மனைவி விநிதா எழுதிய நூல், உதவி கோரிய செய்திகளுக்குக் கட்டுப்பாட்டு அறை உரிய நேரத்தில் செயல்பட்டதா என்ற கேள்வியை எழுப்பியது. அந்தச் சர்ச்சையில் கேள்விக்குள்ளானது கருவி அல்ல.

வயர்லெஸ் கருவி யார் பொறுப்பு என்பதில் அரசியல் சட்டச் சிக்கலும் உண்டு. காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. கம்பியில்லாத் தகவல்தொடர்போ மத்தியப் பட்டியலில். சொந்த மாநிலத்தில் சொந்தப் போலீஸார் பேசுவதற்கும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து அலைவரிசை பெற வேண்டும். காவல்துறை ஓர் அலைவரிசையிலும், தீயணைப்புத் துறை வேறொன்றிலும், பேரிடர் மீட்புப் படை இன்னொன்றிலுமாக, ஒரே சம்பவ இடத்தில் நிற்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடியாத நிலை இவ்வாறே வளர்ந்தது.

இதைத் தீர்க்க, பொதுப் பாதுகாப்புக்கும் பேரிடர் மீட்புக்கும் தனி அலைவரிசையில் நாடு தழுவிய ஒருங்கிணைந்த அகலப்பட்டை வலையமைப்பு தேவை என 2018 ஜூனில் டிராய் பரிந்துரைத்தது. படம், விடியோ, வரைபடம் அனைத்தும் அதில் செல்லும். காவல், பேரிடர் பணிகளுக்கு ஏலமின்றி அலைவரிசை ஒதுக்க 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் வழிவகுத்தது. புதிய வலையமைப்பு வரும்போது கருவிகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும். 2024 செப்டம்பரில் லெபனானில் ஒரு நாள் பேஜர்களும் மறுநாள் வாக்கி-டாக்கிகளும் வெடித்ததைக் கண்ட பிறகு, இந்தக் கவலையை மிகையென ஒதுக்க முடியாது.

டிராய் பரிந்துரைக்கு ஏறத்தாழ நான்காண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரியில், ஆனந்த் சர்மா தலைமையிலான உள்துறை நாடாளுமன்ற நிலைக்குழு காவல்துறை நவீனமயம் குறித்த அறிக்கையை அளித்தது. 2020 ஜனவரி 1 நிலவரப்படி நாட்டிலுள்ள 16,833 காவல் நிலையங்களில் 257-ல் வாகனம் இல்லை. 638-ல் தொலைபேசி இல்லை. 143-ல் வயர்லெஸ்ஸோ கைபேசியோ இல்லை என்றது அந்த அறிக்கை. அருணாசலப் பிரதேசம், ஒடிஸா, பஞ்சாப் போன்ற மாநிலங்களிலும் இந்தக் குறை இருப்பதைக் குழு சுட்டிக்காட்டியது. அவற்றுள் சில, சிறப்பாகச் செயல்பட்டதற்காக 2018-19-ல் ஊக்கத்தொகை பெற்றவை என்பதையும் உறுப்பினர்கள் குறிப்பிடத் தவறவில்லை.