சேற்றில் வாழும் கிருமி

மெலியாய்டோசிஸ் என்பது வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் நோய். பாக்டீரியாவின் பெயர் பர்கோல்டேரியா சூடோமல்லி. தாய்லாந்து, வட ஆஸ்திரேலியா, இலங்கை, தென்னிந்தியா ஆகிய இடங்களின் மண்ணில் அது இயல்பாகவே இருக்கிறது. கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உடலுக்குள் நுழையும். அசுத்த நீரைக் குடித்தாலும், பெருமழைக் காற்றில் கலந்த நீர்த்துளிகளை மூச்சில் இழுத்தாலும் தொற்றலாம். மழைக்காலத்தில்தான் நோயாளிகள் அதிகம் வருகிறார்கள்.

திடகாத்திரமானவர்களில் பெரும்பாலோரை இது ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகம் பழுதானவர்கள், மிதமிஞ்சிக் குடிப்பவர்கள், தலசீமியா உள்ளவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோரைத்தான் பெரும்பாலும் வீழ்த்துகிறது. இந்தியாவில் இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, கிருமியை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்களை மந்தமாக்கிவிடுகிறது. இந்தக் கிருமியோ விழுங்கிய அணுவுக்குள்ளேயே பிழைத்து, பெருகி, பக்கத்து அணுவுக்குத் தாவக்கூடியது.

1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் இதை முதலில் கண்டறிந்தார்கள். அவர்கள் பிணப் பரிசோதனை செய்த உடல்களில் பல, மார்ஃபின் ஊசிக்கு அடிமையாகிச் சீரழிந்தவர்களுடையவை. நூறாண்டு கடந்தும் நோய் அறியப்படாமலே இருப்பதுதான் வேதனை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு இது வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் 2016இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அறியப்படாமல் போவதற்குக் காரணம் அதன் வேஷம். வாரக்கணக்கில் காய்ச்சல், இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல் என்று வந்தால் நம் ஊர்களில் முதலில் காசநோய் என்றே நினைப்பார்கள். சளியில் காசநோய்க் கிருமி தென்படாமலே காசநோய் மாத்திரை தொடங்கிவிடுவதும் உண்டு. ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள், மூட்டு வீக்கம், குழந்தைகளுக்குக் காதோரம் கன்னத்தில் வீக்கம் என்றும் வரும். ரத்தத்தில் பரவி செப்சிஸ் ஆகிவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போகலாம்.

ரத்தம், சீழ், சளி, சிறுநீர் ஆகியவற்றைக் கல்ச்சர் செய்வதே உறுதியான வழி. அங்கும் ஏமாற வாய்ப்புண்டு. முதல் நாள் தட்டில் முளைக்கும் கிருமிப் புள்ளிகள் வழவழப்பாக, வேறு பல கிருமிகளைப் போலவே இருக்கும். மூன்று நான்கு நாள் விட்டுவைத்தால்தான் உலர்ந்து, சுருக்கம் விழுந்த பூவைப் போல விரியும். அவசரப்பட்டால் 'சூடோமோனாஸ்' என்று ரிப்போர்ட் போய்விடும். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியாத கிருமி ஆக்மென்டினுக்கு அடங்குகிறது என்றால், ஆய்வகம் உடனே இதைச் சந்தேகிக்க வேண்டும்.

வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக்குகள் இதனிடம் எடுபடுவதில்லை. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசியைக் குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பில் ஏற்ற வேண்டும். பெரிய சீழ்க்கட்டி இருந்தால் வடித்தெடுக்க வேண்டும். பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கே பெரும்பாலும் நோய் திரும்புகிறது. தடுப்பூசி இன்னும் இல்லை. சர்க்கரை நோயாளிகள் வயலில் இறங்கும்போது முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிவதும், காலில் புண் இருந்தால் ஆறும்வரை சேற்றில் இறங்காமல் இருப்பதும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதுமே இப்போதைக்குக் காப்பு.