நாய்களுக்கான வணிக உணவைத் தேர்ந்தெடுத்தல்

நாய்களுக்கான வணிக உணவு என்பது தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டு, பைகளிலோ தகர டப்பாக்களிலோ அடைத்து விற்கப்படும் நாய் உணவாகும். 1860-களில் இலண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கியது இத்தொழிலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. இன்று இது உலர் உணவு, ஈர உணவு, தின்பண்டம் என மூன்று வகைப்படும். தின்பண்டம் முழு உணவுக்கு ஈடாகாது.

தொழில்தடச் சூழல்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் கார், வண்டி உதிரிபாகம், மின்னணுப் பொருள் ஆகியவற்றைத் தயாரிக்கும் ஆலைகள் பல உள்ளன. ஷிப்டு முறையில் வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு நாய்க்கென வேளை தவறாமல் தனியே சமைப்பது கடினம். வெறும் பால்சோறு, தயிர்சோறு ஆகியவற்றில் நாய்க்குத் தேவையான புரதமும் தாதுக்களும் போதிய அளவில் இல்லை. எனவே சரியாகத் தேர்ந்த வணிக உணவு இத்தகைய வீடுகளுக்கு உதவும்.

பையில் பார்க்க வேண்டியவை

1. முழுமையான, சமச்சீர் உணவு என்ற குறிப்பு. அது எந்த வயது நாய்க்கு என்பதும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.
2. தரவரைவு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் நாய், பூனை உணவுக்கென ஐஎஸ் 11968 என்னும் தரவரைவை வெளியிட்டுள்ளது. அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பின் ஊட்ட அளவுகளையும் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. ஆஃப்கோ அளவுகளை மட்டுமே வகுக்கிறது. எந்த உணவுக்கும் சான்றிதழ் தருவதில்லை.
3. தயாரிப்பாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், காலாவதி நாள், தொகுதி எண்.
4. உட்பொருள் பட்டியல். பொருள்கள் எடை வரிசையில் எழுதப்படும். பச்சைக் கோழி இறைச்சியில் பெரும்பகுதி நீர் என்பதால், அது முதலில் இருப்பதாலேயே உணவில் இறைச்சிப் புரதம் மிகுதி என்று முடிவு செய்ய இயலாது.

தானியம் இல்லாத உணவே சிறந்தது என்ற விளம்பரத்திற்கு உறுதியான அடிப்படை இல்லை. பட்டாணி, பயறு வகைகள் மிகுந்த இத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை விரிவு நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடுமா என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் ஆராயத் தொடங்கியது. தொடர்பு முற்றாக நிறுவப்படவில்லை.

ஈரப்பதக் கணக்கு

உலர் உணவையும் ஈர உணவையும் பையிலுள்ள எண்களை வைத்து நேரடியாக ஒப்பிடக் கூடாது. நீரை நீக்கிய பின்னரே ஒப்பிட வேண்டும். 10% ஈரமுள்ள உலர் உணவில் புரதம் 22% எனில், 22 ÷ 90 × 100 = சுமார் 24%. 80% ஈரமுள்ள டப்பா உணவில் புரதம் 8% எனில், 8 ÷ 20 × 100 = 40%. ஆஃப்கோ அளவின்படி, நீர் நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18%, குட்டிக்கு 22.5% புரதம் வேண்டும்.

வயதும் இனமும்

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் அளவுக்கு மிஞ்சினால் எலும்பு வளர்ச்சி கோணலாகும். ஆகவே அவற்றிற்குப் பெரிய இனக் குட்டிக்கென உள்ள உணவே ஏற்றது. அத்துடன் கால்சியம் மருந்தைத் தாமாகச் சேர்ப்பது தீங்கு தரும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாட்டு வேட்டை நாய்கள் இயல்பிலேயே மெலிந்த உடலமைப்புடையவை. அவற்றைக் கொழுக்க வைக்க முயலக் கூடாது.

அளவு

ஓய்வு நிலையில் ஒரு நாய்க்குத் தேவையான ஆற்றல், அதன் கிலோ எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. 20 கிலோ நாய்க்கு இது சுமார் 660 கிலோகலோரி. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்கினால் சுமார் 1,060 வரும். ஒரு கிலோவில் 3,500 கிலோகலோரி உள்ள உணவு எனில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் போதும். இது தொடக்க அளவே. நாயின் எடையைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

சேமிப்பும் பூஞ்சை நஞ்சும்

மக்காச்சோளம், நிலக்கடலை முதலியவற்றில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. இது கல்லீரலைக் கெடுக்கும். சமைக்கும் வெப்பத்தில் முற்றாக அழியாது. இந்நஞ்சு கலந்த உணவு தொடர்பாக 70-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 ஜனவரியில் அறிவித்தது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரம் மிகுவதால் இத்தடத்தில் கூடுதல் கவனம் தேவை. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துத் தரப்படும் உணவில் காலாவதி நாளும் தொகுதி எண்ணும் தெரியாமற் போகும். அதை வாங்காதிருத்தல் நலம். ஒரு மாதத்தில் தீரும் அளவுள்ள பையையே வாங்கி, அசல் பையோடு மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். தகரக் கூரையின் கீழும் வண்டியிலும் வைக்கக் கூடாது. பூசண வாடை வீசும் உணவை எறிந்துவிட வேண்டும்.

உணவை மாற்றும் முறை

பழைய உணவில் புதியதை முதலில் கால் பங்கு, பின்பு அரைப் பங்கு, முக்கால் பங்கு எனச் சுமார் ஒரு வாரத்தில் மாற்றினால் வயிற்றுப்போக்கைத் தவிர்க்கலாம். சோர்வு, தொடர் வாந்தி, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் நிறம் காணப்பட்டால் அவ்வுணவை உடனே நிறுத்தி, பையைப் பத்திரப்படுத்தி, அதனுடன் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகங்களைத் தவிர, 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையையும் இப்பகுதியினர் அணுகலாம். சிறுநீரகம், கல்லீரல் நோய்களுக்கான சிறப்பு உணவுகளை மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே கொடுக்க வேண்டும்.