காரீயம் மட்டும் கைகொடுக்காது

நிலத்தடிச் சுரங்க வேலை தேடும் அக்குறணை இளைஞருக்கு அயல் மாவட்டங்களிலேயே வாய்ப்பு உண்டு. கேகாலை மாவட்டத்தில் போகல, குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ ஆகிய காரீயச் சுரங்கங்கள் இன்றும் இயங்குகின்றன. ஆனால் இவற்றை மட்டும் நம்பி வாழ்க்கையைத் திட்டமிடுவது ஆபத்தானது. உலோகம் உருக்கும் மூசைகளுக்குக் காரீயம் தேவைப்பட்ட முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1916இல், இலங்கையின் ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டியது. போர் முடிந்ததும் கேள்வி சரிந்தது. மடகஸ்காரின் மலிவான காரீயமும் சந்தையைப் பிடித்தது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. வெளிநாட்டு விலையை நம்பிய வேலை அந்த விலையோடேயே போய்விட்டது.

மின்சாரக் கார்களின் பற்றரிகளுக்குக் காரீயம் வேண்டும், 2023 டிசம்பரிலிருந்து சீனாவும் அதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது, ஆகவே பழைய காலம் திரும்பும் என்று சிலர் வாதிடுகிறார்கள். தேவை கூடுவது உண்மைதான். ஆனால் இலங்கையின் தூய காரீயம் பாறைப் பிளவுகளில் ஒடுங்கிய நரம்புகளாக ஓடுகிறது. பெரிய இயந்திரங்களை இறக்கி அதை அள்ள முடியாது; உற்பத்தி ஆண்டுக்குச் சில ஆயிரம் தொன்னோடு நிற்கிறது. விலை ஏறினாலும் வேலை அதே வேகத்தில் பெருகாது.

ஆகவே கனியத்தைவிடக் கைத்திறனையே முதலீடாகக் கருத வேண்டும். பாறை துளைத்தல், வெடி வைத்தல், கூரையைத் தாங்கவைத்தல், காற்றோட்டம் பேணல் ஆகியவை நீர்ச் சுரங்கப்பாதைகளுக்கும் தேவை. அக்குறணைக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லவிலிருந்து உக்குவெல மின்நிலையத்துக்கு மகாவலி நீர் சுமார் 8 கிலோமீற்றர் நிலத்தடியிலேயே செல்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்குச் சுமார் 13 கிலோமீற்றர் குடையப்பட்டது. 2024இல் உமா ஓயாத் திட்டமும் திறக்கப்பட்டது.

இத்தகைய வேலை திட்டத்தோடு முடிந்துவிடும், வெளிநாட்டு நிறுவனங்கள் தம் ஆட்களையே கொண்டுவரும் என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் சான்றிதழ் அவசியமாகிறது. அனுபவம் மட்டுமுள்ள தொழிலாளி ஒரு திட்டம் முடிந்ததும் மீண்டும் கூலியாளாகவே தொடங்க வேண்டியிருக்கிறது. தேசிய தொழில் தகைமை பெற்றவர் அடுத்த திட்டத்திலோ வெளிநாட்டிலோ தம் திறனைக் காட்டி ஊதியம் பேசலாம். சுரங்கத் தூசு நுரையீரலைத் தின்னும் தொழில் இது. பாதுகாப்புப் பயிற்சியும் முறையான மருத்துவப் பரிசோதனையும் அத்தகைமையோடு சேர்ந்தே வர வேண்டும். புதிய அகழ்வு அனுமதிப்பத்திரங்களை வழங்கும் அரசு, பயிற்சியளிப்பதை அவற்றின் நிபந்தனையாக்கட்டும். அப்போது சுரங்கம் மூடினாலும் அங்கு உழைத்தவர் வேலையற்று நிற்கமாட்டார்.