உஷார்! பின் பொருந்திவிட்டால் அது உங்கள் சார்ஜர் ஆகிவிடாது

இன்றிரவு படுக்கப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கீழே இறங்கி மாடிப்படிக்கு அடியில் பாருங்கள். ஈ.பி. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் எலக்ட்ரிக் ஸ்கூட்டரோ சைக்கிளோ சார்ஜில் நிற்கிறதா? நின்றால் பிடுங்கிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் இருக்கும் சென்னை கே.கே. நகரிலிருந்து வளசரவாக்கம் தாண்டினால் மதுரவாயல். அங்கே 2025 மார்ச்சில், வீட்டின் கீழே சார்ஜில் நின்ற எலக்ட்ரிக் வண்டி தீப்பிடித்ததில் 9 மாதக் கைக்குழந்தை ஒன்று இறந்துபோனது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிய வீட்டில் அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழே எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ் என்றிருந்த கட்டடத்தில் 8 பேர் போனார்கள். தீ கீழே இருக்கும்போதே புகை மேலே வந்துவிடுகிறது. நாம் இறங்கி ஓட வேண்டிய அதே படிதான் புகை ஏறி வரும் வழியும்.

இதெல்லாம் தெரிந்தும் போன கோடையில் நானும் அந்தப் படிக்கடியில்தான் சார்ஜ் போட்டேன். எனக்கு வயது 68. எங்கள் பிளாட்டில் யாருக்கு ஸ்பேனர் வேண்டுமென்றாலும், டிரில் வேண்டுமென்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். நாற்பது வருடமாக யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. பஜாஜ் சேத்தக்கைச் சாய்த்துச் சாய்த்து ஸ்டார்ட் செய்த தலைமுறை. கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டிவிட்டு டிபன் சாப்பிடப் போகிற கை. அந்தக் கைதான் எனக்கு வினையாக வந்தது.

என் எலக்ட்ரிக் வண்டி வேகம் குறைந்த ரகம். மோட்டார் 250 வாட்டுக்கு உட்பட்டு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். சிவன் பூங்காவுக்கு வாக்கிங், முனுசாமி சாலையில் காய்கறி, இ.எஸ்.ஐ. பக்கம் மருந்துக் கடை. என் வயதுக்கு அது போதும். ஒருநாள் அதன் சார்ஜர் செத்துவிட்டது. கீழ்வீட்டுப் பையன் தன் பழைய வண்டியின் சார்ஜரை நீட்டினான். "அங்கிள், இதுவும் 48 வோல்ட்தான், போடுங்க." பார்த்தேன். இரண்டிலும் 48 என்றுதான் போட்டிருந்தது. பின்னும் கச்சிதமாகப் பொருந்தியது. போட்டுவிட்டு மேலே போய் டி.வி. பார்த்தேன்.

பத்தரை மணி இருக்கும். "ஏங்க, யாரோ நெயில் பாலிஷ் அழிக்கிற மாதிரி வாசனை வருதே" என்றாள் மனைவி. அந்த நேரத்தில் யார் நெயில் பாலிஷ் அழிப்பார்கள்? இறங்கிப் போனால், சார்ஜரில் சிவப்பு விளக்கு. அதற்குள் பச்சைக்கு மாறியிருக்க வேண்டும். சீட்டைத் தூக்கிக் கை வைத்தேன். தோசைக்கல். பேட்டரிப் பெட்டியின் ஒரு பக்கம் தொந்தி மாதிரி உப்பியிருந்தது. சுவிட்சை அணைத்து, பின்னைப் பிடுங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் தெருவில் நிறுத்திவிட்டு, விடியும்வரை எதிர்ப்பக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒரு வரிசை செல்லில் 4.4 வோல்ட். "பேட்டரிக்குள்ள காவலுக்கு இருக்கிற பி.எம்.எஸ். போர்டு எப்பவோ செத்துப் போச்சு சார். அது இருந்திருந்தா கட் பண்ணியிருக்கும். நீங்க தள்ளிட்டுப் போனீங்களே, அதுவும் தப்பு. உப்பின பேட்டரி கையில வெடிச்சிருந்தா?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

தப்பு எங்கே நடந்தது என்று அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். 48 வோல்ட் லித்தியம் பேட்டரியில் பொதுவாக 13 செல் வரிசையாக இருக்கும். செல்லுக்கு உச்சவரம்பு 4.2 வோல்ட். பெருக்கினால் 54.6. அதற்கு மேல் ஏற்றக் கூடாது. பையனுடைய பழைய வண்டி லெட் ஆசிட். 12 வோல்ட் பேட்டரி நாலு. அதன் சார்ஜர் ஒவ்வொன்றையும் 14.7 வரை தள்ளும். நாலுக்கும் சேர்த்து 58.8. பெட்டி மேலே இரண்டிலும் 48. உள்ளே நாலு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம். அந்த 58.8-ஐ என் 13 செல்லுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 4.5. லித்தியம் செல் அதைத் தாங்காது. சூடேறும், வாயு கட்டும், உப்பும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே அடுத்த செல்லைக் கொளுத்தும். அதற்கப்புறம் பின்னைப் பிடுங்கியும் பயனில்லை. லித்தியத்திலேயே எல்.எஃப்.பி. என்ற ரகத்துக்குச் செல்லுக்கு 3.65 வோல்ட்தான் உச்சம். அங்கே கணக்கே வேறு.

ஆகவே சார்ஜரில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பின்பக்க ஸ்டிக்கரில் 'அவுட்புட்' என்று பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

இன்னொரு விபரீதமும் உண்டு. சில மலிவு வண்டிகளின் சார்ஜிங் துளை, கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகுகிற மூன்று முள் வயர் அப்படியே பொருந்துகிற மாதிரி இருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் அந்த வயரின் மறுமுனை சுவரில் இருக்கிற 230 வோல்ட். பேரனோ வேலைக்கார அம்மாவோ தெரியாமல் எடுத்துச் சொருகிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அந்த வகை வண்டியானால் அந்தக் கம்ப்யூட்டர் வயரை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள்.

கருவிகள் வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு உஷார். கார்ட்லெஸ் டிரில்லும் இதே குடும்பம்தான். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் '48', '88', '108' என்று தடித்த எண் போட்ட டிரில்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பலவற்றைத் திறந்தால் உள்ளே அதே ஐந்து செல். ஐந்து நாலு புள்ளி இரண்டு, 21 வோல்ட். அவ்வளவுதான். வெளியே எழுதியிருப்பது வெறும் அலங்காரம். அந்த எண்ணை நம்பி, "இதுவும் 48 தானே" என்று வண்டி சார்ஜரை டிரில்லுக்குக் காட்ட நினைக்கிற என்னைப் போன்ற ஆசாமிகள் நிறைய பேர் இருக்கிறார்கள். டிரில் பேட்டரியை உடைத்துச் செல்லை எடுத்து சைக்கிளுக்குப் பேட்டரி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம்.

ஸ்பேனர் பிடிக்கும் முன்பும் யோசியுங்கள். என் பழைய சேத்தக்கில் பேட்டரியே கிடையாது. ஸ்பேனர் எங்கே விழுந்தாலும் சத்தம்தான் வரும். இங்கே பேட்டரி முனை இரண்டுக்கும் குறுக்கே விழுந்தால் நெருப்பு வரும். வேலை தொடங்கும் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சைக் கீழே தள்ளுங்கள். மோதிரம், இரும்புச் செயின் வாட்ச் இரண்டையும் கழற்றுங்கள். ஸ்பேனர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பின்சக்கர நட்டை இம்பாக்ட் ரெஞ்ச் வைத்து 'டர்ர்' என்று முறுக்காதீர்கள். ஹப் மோட்டாரின் வயர் அந்த அச்சுக்குள்ளேயிருந்துதான் வெளியே வருகிறது. அச்சு ஒரு சுற்று திரும்பினால் வயர் நசுங்கி உள்ளுக்குள் ஷார்ட் ஆகும்.

வயதானவர்களுக்கு வேறொரு பயம். பெட்ரோல் வண்டி ஓடினால் காது சொல்லும். இது ஊமை. ஆனில் இருப்பது தெரியாமல் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம். பிடித்த கை ஆக்சிலரேட்டரை முறுக்கிவிடும். வண்டி எகிறும். இடுப்பெலும்பு ஒருமுறை போனால் நம் வயதில் எழுந்து நடப்பது லேசான காரியமா? சாவியை அணைத்த பிறகுதான் கால் தரையில். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் தெருக்களில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பேட்டரி மூழ்கியிருந்தால், காய்ந்துவிட்டதே என்று சார்ஜ் போடாதீர்கள். உள்ளே புகுந்த ஈரம் சில நாள் கழித்துக்கூட வேலையைக் காட்டும். 2022-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இயான் புயலில் உப்புத் தண்ணீர் புகுந்த எலக்ட்ரிக் கார்கள் சில, வெள்ளம் வடிந்த பிறகுதான் எரிந்தன.

"பழைய பேட்டரியைக் கொடுங்க, செல் மாத்திக் கட்டித் தர்றேன், பாதி விலை" என்று ஒருவர் வருவார். வேலூருக்குப் பிறகு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதியை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக அமலாக்கியது. அந்தச் சோதனையெல்லாம் கம்பெனியிலிருந்து வரும் பேட்டரிக்குத்தான். மேசை மேல் வைத்துக் கட்டுகிற பேட்டரிக்கு யார் சோதனை செய்தார்கள்? நியூயார்க் நகரத்தில் 2023-இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். சான்றில்லாத பேட்டரிகளை விற்கவே கூடாதென்று அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள்.

இனி செய்ய வேண்டியவை.

ஓட்டி வந்ததும் சொருகாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும்.

நீங்கள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். இரவு முழுக்க வேண்டவே வேண்டாம்.

படிக்கடியில், வாசற்கதவுக்குக் குறுக்கே, சிலிண்டர் பக்கத்தில் போடாதீர்கள். காற்றாடுகிற இடம், எர்த் உள்ள பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது.

கழற்றுகிற பேட்டரியாக இருந்தால் கட்டிலுக்கடியிலோ சோபா மேலோ வைத்து ஏற்றாதீர்கள்.

உப்பல், இனிப்பான கெமிக்கல் வாடை, 'உஸ்' என்ற சத்தம். மூன்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். கிட்டே போகாமலே அணைக்க முடிந்தால் மெயினை அணைத்துவிட்டு, எல்லோரையும் எழுப்பிக்கொண்டு வெளியே ஓடுங்கள். 101 அல்லது 112. அந்தப் புகை நஞ்சு.

இப்போது என் வண்டியின் சார்ஜிங் துளைக்குப் பக்கத்தில் சிவப்பு டேப். அதன் சார்ஜரிலும் சிவப்பு டேப். டிரில்லுக்கு நீலம். டயருக்குக் காற்றடிக்கும் மிஷினுக்கு மஞ்சள். சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். கண்ணாடி இல்லாவிட்டாலும் தெரியும்.

போன வாரம் கீழ்வீட்டுப் பையன் கதவைத் தட்டினான். "அங்கிள், என் சார்ஜர் ரிப்பேர். உங்களோடதை ஒரு மணி நேரம் தர்றீங்களா?" ஸ்பேனர் வேண்டுமா, எடுத்துக்கொள் என்றேன். டிரில் வேண்டுமா, எடுத்துக்கொள் என்றேன். சார்ஜர் மட்டும் இல்லை என்றேன். நாற்பது வருடத்தில் இந்தக் கதவில் நின்று நான் சொன்ன முதல் 'இல்லை' அது. அவன் முகம் சுருங்கிப் போனது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, 54.6-க்கும் 58.8-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன்.