ஆறினால்தான் ருசி, ஆறவிட்டால் ஆபத்து

மத்திய தரைக்கடல் பாணி பாஸ்தா சாலட் செய்வது அரை மணி நேர வேலை. அதை நம் ஊர் வெயிலில் எப்படிக் காப்பாற்றுவது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும்.

பெல்ஜியத்தில் 2003 ஆகஸ்ட் மாதம் ஒரு குடும்பத்தினர் வெள்ளிக்கிழமையன்று பாஸ்தா சாலட் செய்தார்கள். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு பிக்னிக் போனார்கள். மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்து, திங்கட்கிழமை இரவு குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஐந்து குழந்தைகளும் வாந்தி எடுத்தார்கள். நான்கு பேர் பிழைத்தார்கள். கடைக்குட்டியான ஏழு வயதுச் சிறுமி, கல்லீரல் செயலிழந்து ஒரு நாள் கழிவதற்குள் இறந்துபோனாள். விசாரிக்க வந்தவர்கள் வீட்டு ஃபிரிட்ஜின் வெப்பநிலையை அளந்து பார்த்தார்கள். 14 டிகிரி. இருந்திருக்க வேண்டியது 5 டிகிரி அல்லது அதற்கும் கீழே.

சமையல் குறிப்பை இப்படித் தொடங்குவது விருந்தாளியை வாசலிலேயே மிரட்டுவதைப் போலத்தான். ஆனால் பாஸ்தா சாலட் இன்று நட்சத்திர ஹோட்டல் பஃபேயோடு நிற்கவில்லை. கல்யாண வரவேற்பு, பிறந்தநாள் விருந்து, பள்ளிக்கூட டிபன் பாக்ஸ் என்று எங்கும் வந்துவிட்டது. சுலபமானது, ருசியானது, அடுப்படியில் அதிக நேரம் நிற்க வைக்காதது. கற்றுக்கொள்ள வேண்டிய பண்டம்தான். முழுசாகக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

கப்பலேறிய சேமியா

இத்தாலிய மொழியில் பாஸ்தா என்றால் பிசைந்த மாவு. சாலட் என்ற சொல்லின் வேர் லத்தீனில் உப்பைக் குறிக்கும் சொல். ஆக, பெயரைப் பிரித்துப் பார்த்தால் மாவும் உப்பும்தான் மிஞ்சும். மற்றதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

பாஸ்தாவை மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்ற கதை பலரும் கேட்டது. அவர் வெனிஸ் திரும்பியது 1295ல். அதற்கு 141 ஆண்டுகள் முன்பே, 1154ல், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி எழுதி முடித்த நூலில், பலேர்மோ நகருக்கு அருகே திராபியா என்ற ஊரில் மாவை இழைகளாக்கிக் காயவைத்து, கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. நம் சேமியாவின் தாயாதி என்று அதைச் சொல்லலாம்.

சாலட்டில் விழும் காய்களின் பூர்வீகம் இன்னும் சுவாரஸ்யம். மத்திய தரைக்கடலின் அடையாளமாகவே ஆகிவிட்ட தக்காளியும் குடைமிளகாயும், கொலம்பஸ் பயணத்துக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அங்கே சொந்தமாக விளைந்தவை ஆலிவும் கோதுமையும் கொண்டைக்கடலையும். வெள்ளரிக்காயோ இமயமலை அடிவாரத்துக் காட்டு வெள்ளரியின் வாரிசு. மேலே தூவும் மிளகு மலையாளக் கரையின் சரக்கு. இந்திய வீட்டில் இந்த சாலட்டைச் செய்யும்போது அந்நியப் பொருளைத் தொடுகிறோம் என்று கூச வேண்டியதில்லை. இரண்டு பொருட்கள் ஊர் திரும்புகின்றன.

பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

மெனு அட்டையில் 'மெடிட்டரேனியன்' என்று போட்டால் உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க உடலியல் விஞ்ஞானி ஆன்செல் கீஸ் 1958ல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிரேக்கத்தின் கிரீட் தீவு மக்களுக்கு மாரடைப்பு குறைவு என்று தெரியவந்தது. கீஸ் பிற்காலத்தில் தென் இத்தாலியின் சிலெந்தோ கடற்கரையில் பியோப்பி என்ற கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார். நூறு வயதைக் கண்டு 2004ல் மறைந்தார். 2010ல் மத்திய தரைக்கடல் உணவு முறையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஸ்பெயினில் 7,400க்கும் அதிகமானவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2013ல் வெளியானது. ஆலிவ் எண்ணெய்யோ கொட்டைப் பருப்போ தாராளமாகச் சேர்த்த மத்திய தரைக்கடல் உணவை உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைந்தன என்றது அது. ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் குளறுபடி இருந்ததால் 2018ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, கணக்கு திருத்தி மறுபடி வெளியிடப்பட்டது. முடிவு பெரிதாக மாறவில்லை.

ஆனால் இந்த ஆய்வுகள் புகழ்ந்தது பாஸ்தாவை அல்ல. காய், கீரை, பருப்பு, பழம், ஆலிவ் எண்ணெய், கொஞ்சமாக மீன், மிகக் கொஞ்சமாக இறைச்சி என்ற முழுச் சாப்பாட்டை. பஃபேயில் மயோனைஸில் குளித்து, இரண்டே இரண்டு கேரட் துண்டோடு வரும் மக்ரோனிக்கு அந்தப் புகழில் பங்கு கிடையாது. மயோனைஸ் விஷயத்தில் வேறு சங்கடமும் உண்டு. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2024 அக்டோபரில் தெலங்கானா அரசும், 2025 ஏப்ரலில் தமிழக அரசும் ஓராண்டுத் தடை விதித்தன. எண்ணெய்யும் எலுமிச்சையும் கலந்த சாலட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

எனவே முதல் விதி: தட்டில் பாஸ்தாவைவிடக் காயும் கடலையும் கூடுதலாக இருக்க வேண்டும்.

ரவையா, மைதாவா?

இரண்டாவது விதி பாஸ்தா வாங்கும்போது. நல்ல பாஸ்தா டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்தது. உலர் பாஸ்தாவை இந்த ரவையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967ல் சட்டமே போட்டது. மற்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்து வரும் சாதாரணக் கோதுமைப் பாஸ்தாவை அந்தச் சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1988ல் தீர்ப்பளித்தது. ஆனாலும் இத்தாலிய ஆலைகள் தங்கள் நாட்டு விற்பனைக்கு டியூரத்தை விடவில்லை.

டியூரம் நமக்குப் புதிதல்ல. மத்தியப் பிரதேசத்தின் மாளவத்தில் விளைகிறது. குஜராத்தின் பால் பகுதியில் பாசனம் இல்லாமல், மண்ணில் தங்கிய ஈரத்தை வைத்தே விளையும் பாலியா கோதுமையும் இந்த இனம்தான். அதற்கு 2011ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் உப்புமாவுக்கு வாங்கும் பன்சி ரவையும் இதே கோதுமை. ஆகவே பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். டியூரம் கோதுமை ரவை என்றிருந்தால் வாங்கலாம். மைதா என்றிருந்தால் வெந்ததும் குழையும், ஆறினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாலட்டுக்கு உதவாது.

செய்முறை

நான்கு பேருக்கு: திருகு வடிவப் பாஸ்தா 200 கிராம், நடுத்தர வெள்ளரிக்காய் 2, கெட்டியான தக்காளி 3, குடைமிளகாய் 1, பெரிய வெங்காயம் பாதி, வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப், கொட்டை நீக்கிய ஆலிவ் காய் 15, ஃபெட்டா பாலாடை 100 கிராம்.

கலவைக்கு: ஆலிவ் எண்ணெய் 4 மேஜைக் கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேஜைக் கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல், பொடித்த மிளகு அரை டீஸ்பூன், காய்ந்த ஆரிகனோ அரை டீஸ்பூன், உப்பு.

அகலப் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு மேஜைக் கரண்டி நிறைய உப்புப் போடுங்கள். பாஸ்தாவுக்குள் உப்பு ஏற இதுதான் ஒரே சந்தர்ப்பம். சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவை இத்தாலியர்கள் பல்லுக்குத் தட்டுப்படும் பதத்தில் இறக்கிவிடுவார்கள். ஆறிய பாஸ்தா தானாகவே இறுகும் என்பதால், சாலட்டுக்குப் பாக்கெட்டில் போட்ட நேரம் முழுவதும் வேகட்டும்.

வடிகட்டியதும் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். கொதித்ததன் பலன் போய்விடும். புளியோதரைக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி எண்ணெய் விட்டு ஆறவைப்போமே, அதே உத்திதான். ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிசிறி, மெல்லிய அடுக்காகப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் சூடு இறங்கிவிடும்.

அதற்குள் காய்களை நன்றாகக் கழுவி, பாஸ்தாவின் அளவுக்கே நறுக்குங்கள். தக்காளியின் விதையையும் சாற்றையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் குளம் கட்டும். வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து பத்து நிமிடம் உப்பு நீரில் போட்டால் காரம் தணியும்.

எண்ணெய்யையும் எலுமிச்சைச் சாற்றையும் மூடி போட்ட பாட்டிலில் ஊற்றி, பூண்டு, மிளகு, ஆரிகனோ, உப்புச் சேர்த்துக் குலுக்குங்கள். பாஸ்தா இளம் சூட்டில் இருக்கும்போதே இதில் பாதியை விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். முழுக்க ஆறியபின் காய், கடலை, ஆலிவ் சேர்த்து மீதியையும் ஊற்றிப் புரட்டுங்கள். ஃபெட்டாவைக் கடைசியில் உதிர்த்துப் போடுங்கள்.

எல்லாம் கிடைக்காது என்று மலைக்க வேண்டாம். ஃபெட்டா ஆட்டுப் பாலில் செய்து உப்பு நீரில் ஊறவைத்த கிரேக்கப் பாலாடைக்கட்டி. அது இல்லாத ஊரில் பனீரைத் துண்டு போட்டு, உப்பும் எலுமிச்சையும் கலந்த நீரில் ஃபிரிட்ஜுக்குள் ஒரு மணி நேரம் வைத்தால் ஓரளவு ஈடுகொடுக்கும். இத்தாலியர்கள் பேசில் என்று கொண்டாடும் இலை நம் திருநீற்றுப் பச்சிலைதான். சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை அதனுடையது. நாலு இலையைக் கிள்ளிப் போட்டால் வாசனை வேறு தளத்துக்குப் போய்விடும். ஆலிவ் எண்ணெய் மட்டும் விலை உயர்ந்தது. அதைத் தாளிக்கச் செலவழிக்காமல் இப்படிப் பச்சையாகச் சேர்ப்பதுதான் கொடுத்த காசுக்கு மரியாதை. இட்லி மிளகாய்ப் பொடிக்கு நல்லெண்ணெய்யைப் பச்சையாக ஊற்றிக்கொள்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டு மணி நேரக் கெடு

இனி மூன்றாவது விதி. பெல்ஜியக் குடும்பத்தைப் பாதித்தது பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. மண்ணிலும் தானியத்திலும் சர்வசாதாரணமாக இருப்பது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த மாவுப் பண்டம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகுகின்றன. அப்போது உருவாகும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. 'ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்' என்ற நம் பழக்கம் இங்கே செல்லாது.

பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் நீரில் ஊறும் சோறு புளித்து அமிலமாகிறது. எண்ணெய் தடவிய பாஸ்தா அப்படிப் புளிப்பதில்லை. மேலே ஊற்றும் கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றைக் காவலுக்கு நம்பவும் முடியாது.

சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது அமெரிக்க விவசாயத் துறையின் அறிவுரை. நம் நாட்டின் பெரும்பகுதியில் ஆண்டின் பாதிக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும். காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸில் அடைத்த பாஸ்தா சாலட் பன்னிரண்டரைக்குத் திறக்கப்படும்போது கெடு தாண்டி நான்கரை மணி நேரம் ஆகியிருக்கும். பள்ளிக்கு வேறு பண்டம் கொடுத்தனுப்புங்கள். இதை வீட்டில் சாப்பிடுங்கள்.

ஆறியதும் ஆழமில்லாத டப்பாக்களில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு மணி நேரம் குளிர்ந்தால் ருசி கூடும். ஒரு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். நடுவில் மின்சாரம் நெடுநேரம் போயிருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி பெரிய விலை இல்லை. குளிர்கிறது என்று கையால் தொட்டுச் சொல்வதைவிட அது நம்பகமானது.

உணவை வீணாக்குவது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதற்கும் வழி இருக்கிறது: அளவாகச் செய்வது. 200 கிராம் பாஸ்தாவை நான்கு பேர் ஒரே வேளையில் தீர்த்துவிடலாம். மீதி வைக்காத விருந்துதான் இந்தப் பண்டத்துக்கு நல்ல விருந்து.