கோச்சுக்காகத் துக்கம் அனுசரித்த கேரளம்: தெரியுமா உங்களுக்கு?

2020 நவம்பர் 25. அர்ஜென்டினாவில் டீகோ மரடோனா கண்மூடினார். மறுநாள் கேரள விளையாட்டுத் துறை அமைச்சர் இ.பி. ஜெயராஜன் என்ன அறிவித்தார் தெரியுமா? மாநிலத்தின் விளையாட்டு உலகம் முழுவதும் இரண்டு நாள் துக்கம்! திருவனந்தபுரத்துக்கும் புவனோஸ் ஐரிஸுக்கும் இடையே 14,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். வேறு மொழி, வேறு கண்டம். இருந்தும் ஒரு மாநில அரசே துக்கம் அறிவிக்கிறது என்றால், அந்த மண்ணுக்குக் கால்பந்து மீது எத்தனை பிரியம் இருக்க வேண்டும்!

மரடோனாவை எல்லோருக்கும் ஆட்டக்காரராகத்தான் தெரியும். ஆனால் சாகும்போது அவர் ஜிம்னாசியா கிளப்பின் பயிற்சியாளர். 2010 உலகக் கோப்பையில் தேசிய அணிக்கே பயிற்சியாளர். காலிறுதியில் ஜெர்மனியிடம் 0-4 என்று தோற்ற அணி அது. அதற்காகக் கேரள ரசிகர்கள் அவரைக் கைவிட்டார்களா? இரண்டே ஆண்டில், 2012 அக்டோபரில், அவர் கண்ணூருக்கு வந்தபோது ஜவஹர் ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. மேடையில் கேரளத்துக் கால்பந்து வீரர் ஐ.எம். விஜயனோடு பந்தைத் தட்டி விளையாடினார், கேக் வெட்டினார். அவர் தங்கிய ஓட்டல் அறையை, அவர் பயன்படுத்திய பொருட்களோடு, அவர் நினைவாகவே காத்து வைத்தார்கள்!

சரி, நம் நாட்டுப் பயிற்சியாளர்களுக்கு? இங்கேதான் ஆச்சரியத்தோடு ஆதங்கமும் சேர்கிறது.

சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய ஹைதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்தியா ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் வாங்கியிருப்பதே இரண்டு தங்கம்தான். 1951-ல் டெல்லியில் ஒன்று, 1962-ல் ஜகார்த்தாவில் ஒன்று. இரண்டுக்கும் பயிற்சியாளர் இவர்தான்! நடுவில் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்.

ஜகார்த்தா கதையைக் கேளுங்கள். ரஹீமுக்கு அப்போது நுரையீரலில் புற்றுநோய். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்த ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலை உடைந்து தையல். ரஹீம் என்ன செய்தார்? தையல் போட்ட தலையோடு அவரை முன்வரிசைக்கு அனுப்பி கோல் அடிக்க வைத்தார்! இறுதி ஆட்டத்தில் எதிரே மறுபடியும் அதே தென்கொரியா. காய்ச்சலில் கிடந்து எழுந்த நெட்டை கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை, ஆம், நம் தமிழரைத்தான், துணிந்து இறக்கினார். இந்தோனேசிய ரசிகர்கள் இந்திய அணிக்கு எதிராகக் கூச்சலிட்ட அரங்கில், கேலரியிலிருந்து நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்! பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1. தனக்குப் பரிசாகத் தங்கத்தைக் கொடுங்கள் என்று ரஹீம் வீரர்களிடம் கேட்டிருந்தார். கொடுத்தார்கள். ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று, அவர் போய்விட்டார்.

அவரைப் பெரும்பாலான இந்தியர்கள் அறிந்துகொண்டது அறுபது ஆண்டு கழித்து, 2024-ல், ‘மைதான்’ படம் வந்த பிறகுதான். அஜய் தேவ்கன் நடிப்பு, ஏ.ஆர். ரஹ்மான் இசை. இவ்வளவு காலம் ஆனது பெரும் அநியாயம் என்றே சொல்வேன்.

ஆனால் அவருடைய சீடர்கள் காத்திருக்கவில்லை! 1960 ரோம் ஒலிம்பிக்கில் ரஹீமின் அணிக்காகப் பெருவுக்கு எதிராக ஒரு கோல் விழுந்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் அதுதான். அடித்தவர் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ் என்கிறார்கள். அதே சைமன்தான் 1973-ல் கேரள அணியின் பயிற்சியாளர்! எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டம். கேப்டன் மணி ஹாட்ரிக் அடிக்க, ரயில்வேயை 3-2 என்று வீழ்த்திக் கேரளம் முதல்முறையாகச் சந்தோஷ் டிராபியைத் தூக்கியது. முதல்வர் அச்சுத மேனன் மாநிலத்துக்கே பொது விடுமுறை விட்டார். ஹைதராபாத் வாத்தியார் கற்றுக்கொடுத்ததைத் தமிழர் ஒருவர் கேரளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், பாருங்கள்!

ஜகார்த்தாவில் தங்கம் வென்ற இரிஞ்ஞாலக்குடா ஒ. சந்திரசேகரும் ரஹீமின் பிள்ளைதான். ரஹீமின் சொந்த மகன் ஹக்கீம் ரோம் அணியில் இருந்தவர். இருவரும் மறைந்தது 2021 ஆகஸ்டில், இரண்டே நாள் இடைவெளியில்!

பி.கே. பானர்ஜியோ பயிற்சியாளராகவும் உச்சம் தொட்டார். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் அவருடைய ஈஸ்ட் பெங்கால், அமல் தத்தாவின் மோகன் பகானை 4-1 என்று சாய்த்தது. சால்ட் லேக் அரங்கில் அன்று திரண்ட கூட்டம் 1,31,000! 2020 மார்ச்சில் பி.கே. மறைந்தபின், அவர் பிறந்த ஜூன் 23-ஐச் சிறுவர் கால்பந்துக்கான நாளாக அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அறிவித்தது.

வெளிநாட்டில் எப்படி? இங்கிலாந்தில் டெர்பியும் நாட்டிங்ஹாமும் கால்பந்தில் தீராப் பகையாளிகள். இரு ஊர் அணிகளையும் சாம்பியனாக்கிய பிரையன் கிளஃப் மறைந்ததும், இரண்டையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்! உக்ரைனில் ஆண்ட்ரி ஷெவ்செங்கோ, 2003-ல் சாம்பியன்ஸ் லீக் வென்ற கையோடு பதக்கத்தை எடுத்துக்கொண்டு நேரே தன் குரு லோபனோவ்ஸ்கியின் கல்லறைக்குப் போனார். எனக்கு உடம்பு சிலிர்த்தது இந்தச் செய்தியைப் படித்தபோதுதான்.

கேரளத்துக்கும் அப்படி ஒரு குரு இருந்தார். சாலக்குடி டி.கே. சாத்துண்ணி. ராணுவத்தின் செகந்திராபாத் இ.எம்.இ. அணியில் ஆடியவர். 1997-98-ல் மோகன் பகானுக்குத் தேசிய லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன் விஜயன் முதல் ஜோ பால் அஞ்சேரி வரை அவரிடம் பாடம் கேட்டவர்கள் எத்தனை பேர்! தன் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த பெயர் ‘ஃபுட்பால் மை சோல்’. 2024 ஜூன் 12 அன்று மறைந்தார்.

தேதிகளைக் கவனித்தீர்களா? ரஹீம் ஜூன் 11, சாத்துண்ணி ஜூன் 12. திருவனந்தபுரம் ஏற்கெனவே விளையாட்டு நிர்வாகி ஜி.வி. ராஜா பிறந்த அக்டோபர் 13-ஐக் கேரள விளையாட்டு தினமாகக் கொண்டாடும் ஊர். பொழியூர், பூந்துறை கடற்கரைப் பையன்களைக் கூப்பிட்டு, அந்த இரண்டு ஜூன் நாட்களிலும் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் இந்த இரு குருக்களின் நினைவாக ஆளுக்கொரு ஆட்டம் நடத்தலாமே! மழை பெய்தால் பெய்யட்டும்.